தோலும் காந்தமும்

திருப்பத்தூரிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியே வேலூர் செல்வோர் தோல் பதனிடும் சாலைகளைக் காணாதிரார். அத்தொழிலால் உண்போர் பலர். பாலாற்று நீர் கெட்டதென வருந்துவோரும் பலர். ஆயின் அத்தோல் யாதென ஆராய்வோர் எத்துணையர்?

தோலின் முதற்பொருள் கொலாஜன் என்னும் புரதம். குரோமியத்தை ஏற்று அழுகாது நிற்பதும் அதுவே. அதன் முப்புரி வடிவை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்கொண்டு கண்டனர். அதற்குக் கங்காருவின் வால் தசைநாணை அளித்து உதவியது சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையமே. தோற்றொழில் அன்று ஆராய்ச்சிக்குத் துணைநின்றது; ஆராய்ச்சி அக்கடனைத் தீர்க்க வேண்டாவோ?

கரைசலில் அசையும் புரதத்தின் வடிவறிய வல்லது உயர்புல அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவி. அவ்வழி வகுத்த கூர்ட் வூத்ரிக் 2002-இல் நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் தோன்றிய நம் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அத்தகைய கருவி பெற்று, இணைந்த கல்லூரிகள் யாவற்றுக்கும் பொதுவாக வைத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

விலையோ பல கோடி ரூபாய். ஏழை நாட்டில் இது தகுமோ என்பர் சிலர். அவர் ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. காந்தம் திரவ ஹீலியத்தில் இரவும் பகலும் குளிர்ந்திருத்தல் வேண்டும். ஹீலியம் கடல் கடந்து வருவது. பேணும் பொருளும் தேர்ந்த ஆளும் இன்றி வாங்கின், கருவி வெறுங்காட்சிப் பொருளாய்விடும். ஆகவே வாங்கும் நாளிலேயே பேணும் நிதியையும் ஒதுக்குக. கருவி ஒருவர்க்கன்றிப் பலர்க்கும் பயன்படின் செலவு வீணாகாது.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என்னையெனின், எம்முடன் ஒரே விடுதியில் உண்டு உறங்கி இரசாயனம் கற்போர் பலர் பதனிடுவோர் மக்களே. தந்தையர் கை தொட்ட தோலை, மைந்தர் அறிவும் தொடுக.