ஏழடி அகலத்தில் ஓர் இல்லம்

பழைய வீடு வாங்குவோர் தூணையும் வளையையும் தட்டிப் பார்ப்பர். வீடே நீரில் மிதப்பதாயின் தட்டிப் பார்க்க வேண்டியது அடிப்பலகையை.

இங்கிலாந்திலே ரோல்ட் என்னும் பொறியியலாளர், தம் உறவினரிடமிருந்த 'கிரெசி' என்ற பழைய மரப்படகை வாங்கி, பான்பரி நகரத்துப் படகுத்துறையிற் செப்பனிட்டார். 1939 ஜூலையில் அவருக்கும் ஏஞ்சலாவுக்கும் திருமணம். பெண்ணின் தந்தையார் சம்மதித்தாரல்லர். அதே மாதத்தில் இருவரும் படகிற் குடிபுகுந்து புறப்பட்டனர்.

படகின் நீளம் ஏறத்தாழ 70 அடி. அகலமோ 7 அடி. கால்வாய் மதகுகள் அத்துணை ஒடுக்கமானவை. நாற்சார் வீட்டிற் பழகிய எமக்கு, நினைக்கவே மூச்சு முட்டுகின்றது. ஒருவர் எதிரே வரின் மற்றவர் ஒதுங்கவேண்டும். பிணக்குற்றால் எங்கே போவது? ஆயினும் அவ்வொடுக்கத்திலும் ரோல்ட் குளிப்பதற்கு ஒரு தொட்டி அமைத்திருந்தார்! புதுமணப்பெண்ணுக்கு முதலிற் காட்டியது அதனையே என்று எண்ணத் தோன்றுகின்றது.

அப்பயணம் பற்றி அவரெழுதிய நூல் 1944இல் வெளிவந்தது. கைவிடப்பட்ட கால்வாய்களைக் காக்க 1946இல் ஒரு சங்கம் எழுவதற்கும் அந்நூலே வழிவகுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வேழடிக்குள் வாழ்ந்த தம்பதியர் 1951இற் பிரிந்தனர். அப்பொழுது படகின் மரமும் உளுத்திருந்தது.