பழி மூலக்கூறின் மேல், பிழை செய்முறையில்

தங்கத்தின் மேல் தாமாக அடுக்கிக்கொள்ளும் மூலக்கூறுகளை நம்பி நோயறியும் உணரிகளைச் செய்வது வீண்வேலை, அதற்குத் தரும் ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது. எழுதியவர் துறைக்குப் புதியவர் அல்லர். தெரியாதவர் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தவரே முக்கியமானதையெல்லாம் விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதும்போது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆன்டிபாடியை வெறும் தங்கத்திலேயே ஒட்டவைக்கலாமே, நடுவில் எதற்கு ஓர் அடுக்கு என்று கேட்கிறார். ஒட்டும். எல்லாமே ஒட்டும் என்பதுதான் சிக்கல். வெறும் உலோகத்தில் விழும் புரதம் மடிப்புக் குலையும். நோய்க்குறியைப் பிடிக்க வேண்டிய முனை தங்கத்தின் பக்கமே கவிழ்ந்துவிடும். ரத்த பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனினோ அதே லிட்டரில் சில பத்து நானோகிராம்தான். தேடுவதைவிட நூறு கோடி மடங்கு அதிகமான வேண்டாத புரதம் வந்து மொய்க்கும் இடத்தில் வெறும் தங்கம் என்ன செய்யும்? 1991இல் ஹார்வர்டில் கெவின் பிரைமும் ஜார்ஜ் வைட்சைட்ஸும் எத்திலீன் கிளைக்கால் வால் கொண்ட தயோல்களை, அதாவது கந்தக முனையுள்ள மூலக்கூறுகளை, தங்கத்தில் அடுக்கினார்கள். அந்தப் பரப்பில் புரதம் ஏறக்குறைய ஒட்டவே இல்லை. இத்துறையில் நுழையும் மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கும் ஆய்வு இது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்து, தன் உணரி ரத்தத்தில் தோற்றது என்பதைச் சான்றாக வைக்கிறார். தங்கத்தை எப்படிச் சுத்தம் செய்தார்? கரைசலில் எவ்வளவு நேரம் வைத்தார்? இடைவெளிகளை எதைக் கொண்டு நிரப்பினார்? மூன்றும் சொல்லப்படவில்லை. இவை சில்லறை விவரங்கள் அல்ல. தயோலின் கந்தகம் தங்கத்தைப் பிடிப்பது சில நிமிட வேலை. ஆனால் கார்பன் சங்கிலிகள் நிமிர்ந்து, சுமார் 30 பாகை சாய்ந்து, அரை நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கப் பல மணி நேரம் ஆகும். ஆய்வகங்களில் இரவு முழுவதும் ஊறவைப்பது அதனால்தான். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் அடுக்கெங்கும் ஓட்டைகள். ரத்தப் புரதம் அவற்றின் வழியாகவே தங்கத்தில் இறங்கும்.

டிஎன்ஏ உணரியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இழையின் நுனியில் தயோலைக் கட்டினாலும், அதன் நைட்ரஜன் காரங்கள் தாமும் தங்கத்தைப் பற்றிக்கொள்ள, இழை படுத்துவிடுகிறது. படுத்த இழை தன் இணையை எப்படிப் பிடிக்கும்? 1997இல் ஹெர்னும் டார்லோவும் வழி காட்டினார்கள்: மெர்காப்டோஹெக்சனால் என்ற குட்டை மூலக்கூறைப் பிறகு சேர்த்தால், அது அந்தப் பற்றுகளை விலக்கி இடைவெளிகளில் உட்கார்ந்துகொள்ளும், இழைகள் எழுந்து நிற்கும். இந்த ஒரு படியைத் தவிர்த்தாலே அளவீடு பாழாகிவிடும். இதைச் செய்தாரா என்றே சொல்லாமல் மூலக்கூறின் மேல் பழி போடுவது அறிவியல் நேர்மை ஆகாது.

இந்த அடுக்குகள் நிரந்தரமானவை அல்ல என்கிறார். உண்மைதான். காற்றில் தயோல் ஆக்சிஜனேற்றம் அடையும்; மின்னழுத்தம் அளவுக்கு மேல் எதிர்மறையானால் அடுக்கு கழன்றுவிடும். காரணம் தெரிந்த குறை என்பதால்தான் அதைச் சமாளிக்கும் வழிகளும் வந்தன. 2017இல் அமெரிக்காவின் சான்டா பார்பரா ஆய்வாளர்கள், தங்கக் கம்பியில் தயோலால் பொருத்திய அப்டமர்களை, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் டிஎன்ஏ இழைகளை, கொண்டு, விழித்து நடமாடும் எலிகளின் ரத்தக்குழாய்க்குள்ளேயே மருந்தின் அளவை மணிக்கணக்கில் தொடர்ந்து அளந்தார்கள். அடுக்கு தேய்வதால் வரும் சரிவையும் அளவீட்டு முறையிலேயே திருத்திக்கொண்டார்கள்.

தங்கம் கட்டுபடியாகாது என்ற அவரது வாதத்தை ஒரு பெருக்கல் கணக்கு முடித்துவிடும். 50 நானோமீட்டர் தடிமனில் பூசினால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேவையில்லை. ஒரு பவுனில் எட்டு சதுர மீட்டர். விரல்நுனி அளவு சில்லுக்கு, தங்கம் கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒரு ரூபாய்த் தங்கம். பரப்பு முழுவதும் பூசி மிஞ்சியதை மீட்கும் செலவைப் பற்றிப் பேசியிருந்தால் அது நியாயமான விவாதம். அவர் பேசியது தங்கத்தின் விலையை மட்டும்.

இந்த அடுக்குகளிலிருந்து ஒரு பொருளும் சந்தைக்கு வரவில்லை என்று அவர் சொல்வது அப்பட்டமான தவறு. ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து 1990இல் விற்பனைக்கு வந்த பயாகோர் கருவியின் சில்லு, தங்கப் படலத்தின் மேல் தயோல் அடுக்கு, அதன் மேல் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலி என்ற அமைப்புதான். ஒரு மருந்து தன் இலக்கை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று மருந்து நிறுவனங்கள் அதில்தான் அளந்து வந்திருக்கின்றன.

நிதி ஒதுக்கும் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுத்தம் செய்த முறை, ஊறவைத்த நேரம், இடைவெளி நிரப்பிய பொருள் ஆகியவற்றை அவர் முழுமையாக வெளியிடும்வரை, அந்தக் கட்டுரையைக் காட்டி எந்த மாணவரின் உதவித்தொகையையும் நிறுத்தாதீர்கள்.