நேரலையும் நேர்மையும்: ஒரு மறுப்பு

சென்ற வாரம் எங்கள் துறையின் வாசிப்பு வட்டத்தில் ஒரு காணொளித் துண்டு திரையிடப்பட்டது. 1992 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில், 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் பாடிய பாடல் அது. திரையிட்டவர் அதனை மிகச் சிறந்த எதிர்ப்பு நிகழ்த்துகை என்று போற்றினார். எதிரே அமர்ந்திருந்தவர் அது தேர்ந்த விளம்பர உத்தி என்று தள்ளினார். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அன்று என்னால் சொல்ல இயலாமற்போனதை இங்கே எழுதுகிறேன். போற்றியவரும் தூற்றியவரும் செய்த தவறு ஒன்றே. ஒருவர் அதனை நல்ல நடிப்பு என்றார். மற்றவர் கெட்ட நடிப்பு என்றார். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று இருவருமே கேட்கவில்லை.

இதனைக் காணாதோருக்காக நிகழ்ந்ததை முதலில் சொல்கிறேன். வெண்ணிற ஆடை, சுற்றிலும் மெழுகுவத்திகள். பக்கவாத்தியம் ஏதுமின்றி பாப் மார்லியின் 'வார்' என்னும் பாடலைப் பாடுகிறார். இனவெறியைக் குறித்த சொற்கள் நின்ற ஓரிடத்தில் சிறார் வன்கொடுமை என்னும் சொல்லை வைக்கிறார். பாடலின் முடிவில் போப் இரண்டாம் ஜான் பாலின் நிழற்படத்தைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டிக் கிழிக்கிறார். உண்மையான எதிரியோடு போரிடுங்கள் என்கிறார். மெழுகுவத்திகளை ஊதி அணைக்கிறார். அரங்கில் பேரமைதி. கைதட்டச் சொல்லி ஒளிரும் பலகையை அன்று இயக்குநர் ஒளிரவிடவில்லை.

அந்தப் பாடலுக்கு ஒரு மரபு உண்டு. அதன் சொற்களிற் பெரும்பகுதி மார்லியுடையது அன்று. 1963 அக்டோபர் 4ஆம் நாள் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. மார்லி 1976இல் அவற்றைப் பாடலாக்கினார். ஓ'கானர் 1992இல் அவற்றைத் திருத்திப் பாடினார். உரை நிகழ்ந்ததும் நியூயார்க். திருத்திய பாடல் ஒலித்ததும் நியூயார்க். இடைப்பட்ட காலம் 29 ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு.

மொழியியல் மாணவர்க்கு இங்கே ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வர வேண்டும். ஜே. எல். ஆஸ்டின் தம் பேச்சுச்செயல் கோட்பாட்டில் மேடைப் பேச்சை ஒதுக்கி வைத்தார். நடிகர் மேடையில் தரும் வாக்குறுதி வாக்குறுதியாகாது, அது உள்ளீடற்றது என்றார். மேற்கோள், திருப்பிச் சொல்லல் என்பவை இல்லாமல் எந்தப் பேச்சுச்செயலும் இயலாது என்று தெரிதா மறுத்தார். இந்த விவாதத்தை நாம் ஆண்டுதோறும் தேர்வுக்குப் படிக்கிறோம். ஆனால் சான்று கண்ணெதிரே வரும்போது ஆஸ்டினின் அந்தப் பலவீனமான பத்திக்குள்ளேயே ஓடி ஒளிந்துகொள்கிறோம். பேரரசரின் அரசியல் உரை பாடலாயிற்று. பாடல் மீண்டும் குற்றச்சாட்டாயிற்று. மேடை அதன் விசையைக் குறைக்கவில்லை. மேடை இல்லாவிடில் அந்தக் குற்றச்சாட்டை அத்தனை பேருக்கு முன் வைக்கவே முடிந்திராது.

அந்த மேடை எத்தகையது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பின்னிரவு நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை பின்னிரவில் நிகழ்பவை அல்ல. ஜானி கார்சன் நடத்திய 'டுநைட் ஷோ' மாலையிலேயே பதிவாகி இரவில் ஒளிபரப்பாயிற்று. 'இன்றிரவு' என்னும் சுட்டே அங்கு ஓர் ஒப்பனை. 'சாட்டர்டே நைட் லைவ்' மட்டும் 1975 அக்டோபர் 11 முதல் நேரலை என்பதையே தன் பெருமையாக வைத்துக்கொண்டது. நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு 11.30, அக்டோபர் மாதமெனில் நமக்கு ஞாயிறு காலை 9 மணி. நிகழ்வதை நிகழும்போதே காட்டுவோம், தவறினாலும் காட்டுவோம் என்பதே அது பார்வையாளருக்குத் தரும் வாக்கு.

அந்த வாக்குக்கு எல்லை உண்டு என்பது தொடங்கிய சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. 1975 டிசம்பரில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் தொகுத்தளித்தபோது, அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று அஞ்சிய நிறுவனம் ஒளிபரப்பைச் சில நொடிகள் தாமதப்படுத்த ஏற்பாடு செய்தது. நேரலை என்னும் உரிமை எல்லாருக்கும் சம அளவில் வழங்கப்பட்டதன்று.

இரண்டு மீறல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1977 டிசம்பர் 17ஆம் நாள் எல்விஸ் காஸ்டெல்லோ அதே மேடையில் ஒரு பாடலைத் தொடங்கிச் சில நொடிகளில் நிறுத்தினார். பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு 'ரேடியோ ரேடியோ' என்னும் வேறு பாடலைப் பாடினார். அது வணிக வானொலியைச் சாடும் பாடல். நிகழ்ச்சியின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது, 1989இல் திறந்தது. 1999இல் நிகழ்ச்சியின் 25ஆம் ஆண்டு விழாவில், பீஸ்டி பாய்ஸ் குழு பாடிக்கொண்டிருக்கும்போது காஸ்டெல்லோ குறுக்கிட்டு நிறுத்தி, அவர்களோடு சேர்ந்து அதே பாடலைப் பாடினார். 22 ஆண்டுகளில் மீறல் விழாவின் அங்கமாயிற்று. அரங்கம் மகிழ்ந்தது.

ஓ'கானரின் கதவு திறக்கவேயில்லை. 2023 ஜூலையில் அவர் மறையும் வரை அந்த மேடைக்கு அவர் திரும்பவில்லை. இருவரும் முன்னறிவிப்பின்றி ஏற்பாட்டை மீறியவர்களே. வேறுபாடு மீறலில் இல்லை; சொல்லப்பட்ட பொருளில் இருந்தது. இசை வணிகத்தைக் குறித்த கோபத்தை இசை வணிகமே நாளடைவில் வாங்கி விற்க முடியும். திருச்சபை நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்ததைக் குறித்த குற்றச்சாட்டை விழாவாக்க இயலாது.

அடுத்த வாரம் நடந்ததைத்தான் நம் கருத்தரங்குகள் காட்டுவதே இல்லை. 1992 அக்டோபர் 10ஆம் நாள் நிகழ்ச்சியைத் தொகுத்தளித்த நடிகர் ஜோ பெஷி, கிழிந்த படத்தை ஒட்டிக் கொண்டுவந்து காட்டினார். தம் நிகழ்ச்சியாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணை அறைந்திருப்பேன் என்னும் பொருள்படப் பேசினார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. சிறார் மீதான வன்முறையைச் சுட்டிய 25 வயதுப் பெண்ணுக்கு, அவரை அடிப்பது குறித்த நகைச்சுவையே மறுமொழி. அக்டோபர் 16இல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த பாப் டிலன் பாராட்டு நிகழ்ச்சியில் அவர் மேடையேறியபோது எழுந்த கூச்சலில் அவரால் திட்டமிட்ட பாடலைத் தொடங்க இயலவில்லை. அங்கும் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லி, 'வார்' பாடலையே உரத்த குரலில் சொல்லிவிட்டு இறங்கினார்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் உள்ளது. ஒரு பேச்சுச்செயல் நிறைவேறக் கேட்போரின் ஏற்பு வேண்டும் என்று ஆஸ்டினே கூறினார். ஏற்பு என்பது உடன்பாடு அன்று. எச்சரிக்கையை எச்சரிக்கையாகவும் குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டாகவும் அறிந்துகொள்வது மட்டுமே அது. இந்தக் கருத்தைக் கொண்டு ரே லாங்டன் 1993இல் ஒன்றைக் காட்டினார். ஒருவரைப் பேசவிடாமல் தடுப்பது மட்டும் வாயடைப்பு அன்று. அவர் பேசிய சொல் அந்தச் செயலாகக் கொள்ளப்படாமற்போவதும் வாயடைப்பே என்றார். ஒரு பெண்ணின் மறுப்பு மறுப்பாகவே கேட்கப்படாத நிலை அவர் தந்த எடுத்துக்காட்டு.

ஓ'கானருக்கு நேர்ந்தது இதுவே. அவர் குற்றஞ்சாட்டினார், நாடு அதனை அவமதிப்பாகக் கேட்டது. குற்றச்சாட்டுக்கு மறுமொழி விசாரணை. அவமதிப்புக்கு மறுமொழி தண்டனை. கேட்கும் வகையை மாற்றிவிட்டால் விசாரணை தேவையற்றதாகிறது. நம் வாசிப்பு வட்டம் இன்னொரு வகை மாற்றத்தைச் செய்தது: அதனை நிகழ்த்துகையாகக் கேட்டது. நிகழ்த்துகைக்கு மறுமொழி திறனாய்வு. அதிலும் விசாரணைக்கு இடமில்லை. பெஷியின் அரங்கிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டதாக எண்ணுகிறோம். சொல்லை நன்னடத்தையுடன் தவறாகக் கேட்கக் கற்றிருக்கிறோம், அவ்வளவே.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லேன். விளம்பர நோக்கம் என்போர் அதற்கு முந்தைய இரண்டாண்டுகளைப் பார்க்க வேண்டும். 1990இல் அவருடைய பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு, பெண்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்காகக் கண்டிக்கப்பட்ட ஆன்ட்ரூ டைஸ் கிளே தொகுத்தளிக்கிறார் என்பதற்காக, இதே நிகழ்ச்சிக்கு வர மறுத்தார். 1991இல் கிராமி விருதையும் ஏற்க மறுத்தார். விளம்பரம் தேடுவோர் இவற்றைத் தேடி இழப்பதில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது. ஒத்திகையில் அவர் காட்டியது ஒரு குழந்தையின் படம். நேரலையில் காட்டியது வேறு. நிகழ்ச்சிக் குழுவினரை அவர் ஏமாற்றினார் என்பது உண்மை. அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒத்திகையில் போப்பின் படத்தைக் காட்டியிருந்தால் நேரலையே கிடைத்திராது. முன் இசைவு பெற்ற குற்றச்சாட்டை மட்டுமே ஏற்போம் என்பது, குற்றஞ்சாட்டப்படுவோருக்கு வேண்டியோரிடமே இசைவு பெற்று வா என்பதாகும். நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர் பலர் உள்ளம் புண்பட்டனர் என்பதும் உண்மையே. ஆயினும் அந்தப் படம் யாருடையது? தம் தாயின் சுவரில் மாட்டியிருந்த படம் அது என்று 2021இல் வெளியான தம் நினைவுநூலில் அவர் எழுதினார். தாயிடமே கொடுமை அனுபவித்தவர். பதின்பருவத்தில் டப்ளினில் கன்னியர் நடத்திய இல்லத்தில் அடைபட்டிருந்தவர். அயல் சமயத்தை வெளியிலிருந்து ஏளனம் செய்தவர் அல்லர் அவர். தம் வீட்டுச் சுவரைக் கேள்வி கேட்டவர்.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு. அது அவருக்கு ஆதரவாக வருவதால் இன்னும் ஆபத்தானது. 2002இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் உண்மைகளை வெளியிட்டது, 2009இல் அயர்லாந்தில் இரண்டு விசாரணை அறிக்கைகள் வந்தன, ஆகவே அவர் சொன்னது சரியென நிரூபணமாயிற்று என்கிறோம். இந்த ஆறுதல் நமக்கே வசதியானது. அறிக்கை வந்த பின்னரே சொல் மதிப்புப் பெறும் என்றால், அறிக்கை வரும் முன்னர்ப் பேசுவோர் அனைவரும் தனித்தே நிற்க வேண்டும். 1992இல் அவரை நம்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு, இது உண்மையா என்று வினவியிருந்தாலே போதும்.

ஆங்கிலத்தின் 'லைவ்' உயிரைக் குறித்த சொல். ஒலிபரப்பிற் பதிவு வந்த பிறகே, 1930களில், பதிவல்லாதது என்னும் பொருளை அது பெற்றது என்று பிலிப் ஆஸ்லாண்டர் காட்டுகிறார். தமிழில் நாம் நேரலை என்கிறோம். சொற்பிறப்பு வாதமாக இதனைச் சொல்லவில்லை, வழக்கையே சுட்டுகிறேன். நேர்தல் என்றால் நிகழ்தல், உடன்படுதல், தன்னை அல்லது தன் பொருளைத் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளுதல். நிகழ்வதோடு, நிகழ்வதற்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதும் அச்சொல்லில் உண்டு. அந்த இரவில் அவர் நேர்ந்தார். நிறுவனமோ, பின்னாளின் மறுஒளிபரப்பில் அந்தக் காட்சியை நீக்கிவிட்டு ஒத்திகையின் பதிவைச் சேர்த்தது. நேரலையைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் நிகழ்ச்சி ஒத்திகையை நடந்ததாகக் காட்டிற்று.

ஆசிரியர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. இந்தத் துண்டைத் திரையிடுவோர் அடுத்த வாரத்தின் கைதட்டலையும் சேர்த்துத் திரையிடுங்கள். அதன் பின்னர் மாணவரிடம் கோட்பாடு கேட்கும் முன், பாடலில் மாற்றப்பட்ட சொல் எது என்று கேளுங்கள். அந்த விடை வராத வகுப்பில் எதிர்ப்பு அழகியல் குறித்துப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.