சிரிப்புக்கும் தடையா?



2021 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் குட் ஷெப்பர்டு அரங்கில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடக்க வேண்டும். மேடையேற இருந்தவர் முனவ்வர் ஃபாரூக்கி. குஜராத்தின் ஜுனாகத்தில் பிறந்து, மும்பை டோங்ரியில் பிழைப்புத் தேடிய இளைஞர். 600க்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றுவிட்டன. ஒரு மாதத்துக்கு முன் மறைந்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமாரின் தொண்டு அமைப்போடு சேர்ந்து, தர்ம காரியத்துக்காக நடத்த இருந்த நிகழ்ச்சி அது என்று முனவ்வரே அறிவித்தார்.

நடந்ததா? இல்லை! இந்துத்துவ அமைப்புகள் எதிர்ப்புக் காட்டின. உடனே அசோக் நகர் போலீசார் அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினர். இவர் சர்ச்சைக்குரியவர், இவரை அனுமதித்தால் குழப்பம் வரும், நிகழ்ச்சியை ரத்து செய்யுங்கள் என்பது அதன் சாரம். இரண்டே மாதத்தில் இப்படி 12 நிகழ்ச்சிகள் ரத்தானதாக அவர் சொன்னார்.

மிரட்டியவன் வெளியே திரிந்தான். மிரட்டப்பட்டவனின் நிகழ்ச்சிக்குப் பூட்டு! இது என்ன நியாயம்?

சொல்லாத நகைச்சுவைக்குச் சிறை

அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி இந்தூரில் இவரைக் கைது செய்தார்கள். புகார் கொடுத்தவர் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினரின் மகன். மத உணர்வைப் புண்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அன்று அவர் அப்படிப் பேசியதற்கு வீடியோ ஆதாரம் இல்லை என்று போலீஸ் அதிகாரியே சொன்னார். ஆனாலும் உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. பிப்ரவரி 5இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகே சிறைக் கதவு திறந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் உள்ளே!

அவர் சொல்லும் எல்லா நகைச்சுவையும் நமக்கு உவப்பானதல்ல. பிறரை இழிவுபடுத்திக் கேலி பேசுவதை நம் மார்க்கம் தடுக்கிறது. கொங்கணி மக்களைப் பற்றிப் பேசியதற்காக 2024 ஆகஸ்டில் அவரே மன்னிப்புக் கேட்டார். மனம் நொந்தவர்கள் கண்டித்தார்கள், பேசியவர் வருந்தினார். அதுதான் நேர்வழி. அரங்கத்தைக் கொளுத்துவேன் என்பது வழியல்ல, ரவுடித்தனம்.

வியாபாரிகளே, இது உங்கள் பிரச்சினை!

மேடைக் கூத்துக்கும் நம் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். நகைச்சுவை நிகழ்ச்சியை நிறுத்திய நான்கே மாதத்தில், 2022 மார்ச்சில், அதே கர்நாடகத்தில் உடுப்பி மாவட்டம் காப்பு மாரியம்மன் கோயில் திருவிழாவில் முஸ்லிம்களுக்குக் கடை ஏலம் மறுக்கப்பட்டது. முறை ஒன்றேதான். முதலில் நாலு பேர் மிரட்டுவார்கள். பிறகு ‘எதற்கு வம்பு?’ என்று இடத்துக்காரர் ஒதுங்குவார். கடைசியில் அரசாங்கம் ஒரு விதியைக் காட்டும். நேற்று மைக், இன்று தராசு!

முஸ்லிமோடு இது நின்றதா? குணால் கம்ரா முஸ்லிம் அல்ல. 2025 மார்ச்சில் ஏக்நாத் ஷிண்டேயைக் கேலி செய்தார் என்று, அவர் பேசிய மும்பை ஹாபிடாட் அரங்கத்தை ஷிண்டே அணி சிவசேனைத் தொண்டர்கள் அடித்து நொறுக்கினர். மறுநாள் மாநகராட்சியும் வந்து அதில் ஒரு பகுதியை இடித்தது. பேசியவரை விட இடம் கொடுத்தவருக்குத்தான் முதல் அடி! விழுப்புரம் மாவட்டத்தில் வசிக்கும் கம்ராவுக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது நமது சென்னை உயர் நீதிமன்றம்.

அரசின் கடமை என்ன?

இதற்கான விடை தமிழ்நாட்டு வழக்கிலேயே இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்தது. இடஒதுக்கீடு கேட்டுப் போராடும் நமக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனால் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் நமக்கும் கேடயம். வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்கக் கூடாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. மனமிருந்தால் முடியும். 2022 ஆகஸ்ட் 20இல் ஹைதராபாத்தில் மிரட்டல்களை மீறி, பலத்த போலீஸ் பாதுகாப்போடு இதே முனவ்வரின் நிகழ்ச்சி நடந்தது. அடுத்த வாரமே டெல்லி போலீஸ் அனுமதி மறுத்தது. அதே மனிதர், அதே நகைச்சுவை. மாறியது அரசின் மனம்தான்!

‘2013இல் விஸ்வரூபத்தை எதிர்த்தவர்கள்தானே நீங்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனுக் கொடுப்பதும், பேச்சுவார்த்தை நடத்துவதும், கண்டித்து எழுதுவதும் குடிமக்களின் உரிமை. ஆனால் சட்டம் ஒழுங்கைக் காட்டி அன்று போடப்பட்ட 144 தடை என்ற ஆயுதம் யாருக்கும் சொந்தமல்ல. அடுத்தவன் மேல் விழும்போது கைதட்டினால், நம் மேல் விழும்போது கேட்க நாதியிருக்காது.

என்ன செய்ய வேண்டும்?

அஸ்தினாபுரத்திலோ, குரோம்பேட்டையிலோ, பல்லாவரத்திலோ தர்ம நிதிக்கு ஒரு நிகழ்ச்சி நடத்துகிறீர்களா? காவல்துறையில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள். வாய்மொழியாக மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் வந்த மறுப்பைத்தான் நீதிமன்றத்தில் எளிதாகக் கேள்வி கேட்க முடியும். வசூலான பணத்துக்குப் பைசா பாக்கியில்லாமல் ஊரறியக் கணக்குக் காட்டுங்கள்.

மண்டபக்காரர் பயந்தால் அவரைத் திட்டாதீர்கள். அவரும் வியாபாரி. கடைவீதியில் நாலு பேர் சேர்ந்து போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். தனி ஆளைத்தான் மிரட்ட முடியும், ஊரை மிரட்ட முடியாது!