மகளுக்கு ஊசி, அம்மாவுக்கு?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் ஹெச்.பி.வி. கிருமிக்கான தடுப்பூசி போடப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். நான் கேட்பது அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைப் பற்றி.

உலகெங்கும் பத்து லட்சம் பெண்களின் பரிசோதனை முடிவுகளைத் திரட்டி 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. கருப்பைவாயில் கோளாறு ஏதும் தென்படாத பெண்களில் 100-க்கு சுமார் 12 பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் 24 பேரிடம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் மணமான பெண்கள் ஏறத்தாழ 1,900 பேரைச் சோதித்த கணக்கு அதற்கு முன்பே, 2005-இல் வெளியானது. இங்கே, கோளாறு தென்படாத பெண்களில் 100-க்கு 14 பேர்.

என்னை உறுத்துவது அந்த 14 அல்ல. வளர்ந்த நாடுகளில் பெரும்பாலும் இந்தத் தொற்று இளவயதில் உச்சத்துக்குப் போய், முப்பதைத் தாண்டியதும் இறங்கிவிடும். திண்டுக்கல்லில் அது இறங்கவில்லை. புதிதாகக் கல்யாணமானவருக்கும் பேரன் பேத்தி எடுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பலருக்கு இந்தக் கிருமி ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும். போகாமல் தங்குவதுதான் பல ஆண்டு கழித்துப் புற்றாகிறது. தங்கிவிட்ட கிருமியைத் தடுப்பூசி விரட்டாது. (கணவனிடமிருந்தும் வரும் கிருமிதான் இது. ஆனால் ஊரில் பழி விழுவது பெண்ணின் தலையில்.)

இதே மாவட்டத்தில் செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தவர்களுக்கு அங்கேயே குளிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையால் இந்தப் புற்றால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் இதழில் வந்தது. அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் புற்றுக்கான சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய சராசரி 1.9 என்பதால் நாம் முன்னணி என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏன் வருவதில்லை? தாழ்ப்பாள் சரியாக விழாத அறை, ரெக்சின் கிழிந்த மேசை, வெளியே வரிசையில் நாத்தனார். "அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்" என்று நழுவியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதோடு, மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடுவதால் அமிலச் சோதனை சரிப்படாது.

கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கோ பஞ்சுக் குச்சி ஒன்று போதும், அவரவர் வீட்டுக் குளியலறையிலேயே மாதிரி எடுத்துவிடலாம். ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முதன்மையாக வைத்துக்கொள்ளச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் இதையும் ஏற்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு தேடிப் போகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர்கள் இந்தக் குச்சியையும் கொண்டுபோகட்டும்.

குச்சியோடு நின்றுவிடவும் கூடாது. பாசிட்டிவ் என்று போனில் சொல்லிவிட்டு "பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா" என்றால், ஒரு நாள் கூலியை விட்டு எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள்? புற்றுக்கு முந்தைய நிலையை வெப்பத்தால் சுட்டுச் சரிசெய்யும் கையடக்கக் கருவி இருக்கிறது. வட்டார சுகாதார நிலையங்களுக்கு அதை வாங்கிக் கொடுத்து, செவிலியர்களுக்குப் பயிற்சியும் கொடுங்கள். எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஆய்வுக்கு முன்வந்த ஊர்கள் இவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்