பலவீனமான கண்ணி யார்?

நான் பணிபுரிந்த பத்திரிகை அலுவலகமொன்றின் அறிவித்தற் பலகையில் ஒருநாள் ஒரு சுற்றுநிருபம் தொங்கியது. கணினிப் பாதுகாப்புச் சங்கிலியில் ஆகப் பலவீனமான கண்ணி மனிதனே என்பது அதன் முதல் வாக்கியம். ஆங்கிலத்தில் எங்கோ எழுதப்பட்டதை யாரோ தமிழாக்கி, கீழே முகாமைத்துவம் என்று ஒப்பமிட்டிருந்தார்கள். தமிழாக்கத்தில் குறை காண்பது என் நோக்கமன்று. கருத்திலேயே கோளாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

கட்டளைகள் வருமாறு: கடவுச்சொல்லை 30 நாட்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் இருக்கவேண்டும். எங்கும் எழுதி வைக்கக்கூடாது. எவருக்கும் சொல்லக்கூடாது. மீறுவோர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும். இரண்டு மாதம் கழியுமுன்னே மேசை நாட்காட்டிகளின் பின்புறமெல்லாம் கடவுச்சொற்கள் முளைத்துவிட்டன. விளையாட்டுப் பக்கத்து நண்பர் இன்னும் சுலபமான வழி கண்டார். ஜனவரியில் ஜனவரி, பெப்ரவரியில் பெப்ரவரி, பின்னால் ஆண்டு, அதற்கும் பின்னால் ஒரு வியப்புக்குறி. கணினி அவரை மெச்சி உள்ளே விட்டது.

பத்திரிகைத் தொழிலை அறியாதவர்களுக்காக ஓர் இரவைச் சொல்கிறேன். மணி பதினொன்று. முதற் பக்கத்தை வடிவமைப்பவர் காய்ச்சலோடு வீட்டில் கிடக்கிறார். பக்கம் அவருடைய கணினியில் பூட்டிக்கிடக்கிறது. கணினிப் பிரிவினர் ஐந்து மணிக்கே வீடு திரும்பிவிட்டனர். கீழே அச்சு இயந்திரம் காத்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பொதி ஏற்றும் வாகனங்களும் காத்திருக்கின்றன. என்ன செய்வோம்? தொலைபேசியில் அவரை எழுப்பிக் கடவுச்சொல்லைக் கேட்டோம். ஆசிரியபீடம் முழுவதற்கும் கேட்கும்படி ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் தட்டினார். பக்கம் நேரத்துக்குப் போனது. மறுநாள் எங்களுக்குப் பாராட்டுக் கிடைத்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கம் பிந்தியிருந்தால் எழுத்துமூல விளக்கம் கேட்டிருப்பார்கள்.

ஊழியன் சுற்றுநிருபத்தை வாசித்து நடப்பதில்லை. எதற்குத் தட்டிக்கொடுக்கிறார்கள், எதற்குச் சம்பளத்தில் கைவைக்கிறார்கள் என்பதைப் பார்த்து நடக்கிறான். வேகத்துக்குப் பாராட்டும் எச்சரிக்கைக்குத் தாமதக் குற்றச்சாட்டும் கிடைக்குமிடத்தில் எச்சரிக்கையாய் இருப்பவன்தான் மூடன். இதை அறியாதவர்கள் அல்லர் நிர்வாகிகள். தவறு நேர்ந்தால் சுட்டிக்காட்ட ஒரு தாள் பலகையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்தச் சுற்றுநிருபம் காப்பது கணினியை அல்ல, ஒப்பமிட்டவரை.

கட்டளைகளாவது சரியானவையா? இத்தகைய விதிகள் உலகெங்கும் பரவ வழிசெய்த ஆவணங்களில் முக்கியமானது, அமெரிக்காவின் தர நிர்ணய, தொழில்நுட்பத் தேசிய நிறுவனத்தின் வழிகாட்டி. அதன் கடவுச்சொல் பகுதியை 2003இல் எழுதியவர் பில் பர். தாம் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே 2017இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலிடம் ஒப்புக்கொண்டார். வட கரோலைனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கடவுச்சொற்களை எடுத்துச் சோதித்து 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பழையது தெரிந்தால் புதியதைக் கண்டுபிடிப்பது பல வேளைகளில் சில விநாடி வேலை. மாற்று மாற்று என்று வற்புறுத்தினால் மனிதர் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவர் என்பதே காரணம். எங்கள் விளையாட்டுப் பக்கத்து நண்பர் தனியாள் அல்லர்! காரணமின்றிக் காலத்துக்குக் காலம் மாற்றச் சொல்லவேண்டாம் என்று அந்த நிறுவனம் 2017இலேயே அறிவுறுத்தியது. 2025இல் அதை இன்னும் கண்டிப்பாக்கி, அப்படிக் கட்டாயப்படுத்தவே கூடாது என்றது. விதியைப் பிறப்பித்தவர்கள் கைவிட்டும் நம்மவர்கள் கைவிடவில்லை.

பயனர்கள் பகைவர் அல்லர் என்று தலைப்பிட்டு அன் அடம்ஸ், அஞ்சலா சாஸ் என்னும் ஆய்வாளர்கள் 1999இலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலையின் போக்குக்கு ஒவ்வாத விதியை வைத்தால் மனிதர் அதைச் சுற்றிக்கொண்டு போவர் என்பது அதன் சாரம். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் பகைவராகவே நடத்தப்படுகிறோம்.

ஊழியர் இயல்பிலேயே அசட்டையானவர்கள் என்ற வாதத்துக்கு என்னிடம் வேறொரு மறுமொழி உண்டு. யுத்த காலத்தில் எங்களிற் பலர் குறிப்பேட்டில் செய்தி தந்தவரின் முழுப் பெயரை எழுதியதில்லை. ஓரெழுத்து, அல்லது நாங்களே சூட்டிய ஒரு பெயர். ஊரையும் மாற்றி எழுதுவோம். வேலை முடிந்ததும் தாளைக் கிழித்து எரித்தவர்களும் உண்டு. சோதனைச் சாவடியில் குறிப்பேடு யார் கைக்குப் போகும், போனால் அந்த மனிதரின் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இதைச் செய்யச் சொல்லி எந்தச் சுற்றுநிருபமும் வரவில்லை. எவரும் தண்டிப்பதாக மிரட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த ஒழுக்கத்தைக் கைக்கொண்ட அதே மனிதர்கள்தான் பின்னாளில் நாட்காட்டியில் கடவுச்சொல்லைக் கிறுக்கியவர்கள். மனிதர் மாறவில்லை. அன்று எதைக் காக்கிறோம் என்று தெரிந்திருந்தது. பின்னர் எதைக் காக்கிறோம் என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இனி வேதனையான பகுதி. அந்த அலுவலகத்தில் ஓர் ஊழியர் தவறான இணைப்பொன்றைச் சொடுக்கிவிட்டார். அவருடைய பெயரை எல்லோரும் காணும்படி பலகையில் ஒட்டினார்கள். சில மாதங்களின் பின் ஓர் இளம் நிருபருக்கு, ஊடக அறிக்கைபோல் தோன்றிய மின்னஞ்சலொன்று வந்தது. திறந்தார். திறந்த மறுகணமே ஏதோ பிழை என்று உணர்ந்தும்விட்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. இரவு முழுவதும் உறங்காமல் கிடந்து, காலையில் என்னிடம் வந்து கண்கலங்கியபடி சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பொதுச் சேமிப்பிலிருந்த கோப்புகள் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தன. பல ஆண்டுப் படங்கள் போயின. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடம் நான் ஒலிப்பதிவு செய்த செவ்விகளும் அவற்றுள் இருந்தன. பேசியவர்களிற் சிலர் இப்போது உயிரோடில்லை. அந்தக் குரல்களை எந்தக் கணினிப் பிரிவும் மீட்டுத்தராது.

வேறு பிரதி வைக்காதது என் குற்றம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த இளைஞர் உடனே சொல்லியிருந்தால், அந்தக் கணினியின் இணைப்பைப் பிடுங்கியிருந்தால், இழப்பு ஒரு மேசையோடு முடிந்திருக்கலாம். அவரை வாய்பூட்ட வைத்தது பலகையில் ஒட்டிய பெயர்தான். திருடன் உள்ளே வர ஒரு சொடுக்குப் போதுமானதாயிருந்தது. அவன் இரவு முழுவதும் தங்கிப்போக உதவியது எங்கள் நிர்வாகம் வளர்த்த பயம்.

மனிதன் பலவீனமான கண்ணி என்போர் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கதையைக் கேட்கட்டும். 2016 பெப்ரவரியில் நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 100 கோடி டொலரைக் கடத்தத் திருடர்கள் போலிக் கட்டளைகளை அனுப்பினார்கள். வேலை தேடுபவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சல்கள் முன்னரே வங்கி ஊழியர்களுக்குப் போயிருந்தன என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் தன் குற்றச்சாட்டில் கூறியது. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸைச் சென்றடைந்தது. இன்னொரு 2 கோடி டொலர் நமது இலங்கைக்கே வந்தது. அது ஏன் திருடர் கைக்குப் போகவில்லை? பெறுநரின் பெயரில் பவுண்டேஷன் என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையிலிருந்த வங்கியொன்றில் அது கண்ணிற்பட்டு, விளக்கம் கேட்டார்கள். ஒப்புநோக்குநரின் கண்ணுக்கு இதைவிடப் பெரிய பெருமை உண்டா? இயந்திரங்கள் ஏற்றுக்கொண்ட கட்டளையை ஓர் எழுத்துப்பிழை நிறுத்தியது. நின்று வாசிக்க நேரமும், கேள்வி கேட்க உரிமையும் உள்ள இடத்தில்தான் அது நடக்கும்.

டக்ளஸ் மெக்கிரகர் 1960இல் எழுதிய நூலில் முகாமையாளர்களின் இருவகை எண்ணங்களைப் பிரித்துக் காட்டினார். மனிதன் வேலைக்குக் கள்ளன், அவனை மிரட்டியே வேலை வாங்கவேண்டும் என்பது ஒன்று. நோக்கம் தனதென்று உணர்ந்தால் அவன் தானே பொறுப்பேற்பான் என்பது மற்றது. நமது அலுவலகங்கள் ஊழியர் ஒன்றுகூடலில் இரண்டாவதைப் பேசுகின்றன, கணினியில் முதலாவதைப் பொருத்துகின்றன.

அசட்டையானவர் எவருமில்லை என்று நான் சாதிக்கவில்லை. இருக்கிறார்கள். ஆனால் அவர்களை மனத்தில் வைத்து எல்லோருக்கும் விதி எழுதினால், அசட்டையானவர் அதையும் மீறுவார், அக்கறையுள்ளவர் களைத்துப்போவார்.

நான் கேட்பவை அதிகமல்ல. இரவில் பக்கம் முடியும்வரை கணினிப் பிரிவில் ஒருவர் இருக்கட்டும். ஒருவர் வராவிட்டால் அவருடைய பக்கத்தை இன்னொருவர் தன் பெயரிலேயே திறக்க வழி செய்யட்டும். தவறு செய்தேன் என்று முதல் நிமிடத்தில் ஓடிவந்து சொல்பவருக்கு நன்றி சொல்லட்டும். அந்த ஒரு பழக்கம் எத்தனையோ கடவுச்சொல் மாற்றங்களைவிட மேலானது.

அந்த இளைஞர் பத்திரிகைத் தொழிலை விட்டுப் போய்விட்டார். நான் அங்கிருந்து விலகிய நாளில் அந்தச் சுற்றுநிருபம் அதே பலகையில்தான் இருந்தது. ஒப்பமிட்டவரும் அதே கதிரையில்தான் இருந்தார்.