சலவைத்தொட்டியிலிருந்து சபைக்கு

1912 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கறுப்பின வர்த்தகர்களின் தேசிய மாநாடு கூடியது. அக்காலக் கறுப்பின மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த புக்கர் ரீ. வாஷிங்டன் தலைமை வகித்தார். அவையில் இருந்த பெண்மணி ஒருவர் பேசுவதற்கு அனுமதி வேண்டினார். அவருக்காகப் பத்திரிகை வெளியீட்டாளர் ஒருவர் பரிந்து பேசியும் தலைவர் அதனைச் செவிமடுக்கவில்லை. இறுதி நாளன்று அப்பெண்மணி எவருடைய அனுமதிக்கும் காத்திராது எழுந்து நின்றார். தெற்கின் பருத்தி வயலிலிருந்து சலவைத்தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் வந்த தாம், அதன் பின் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டு, சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை எழுப்பியிருப்பதாக அந்த அவைக்கு அறிவித்தார். மறு ஆண்டு மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளராக மேடையேறினார்.

அவர்தான் மேடம் சீ. ஜே. வோக்கர். தம் உழைப்பினாலேயே கோடீசுவரியான முதல் அமெரிக்கப் பெண் என்று இன்று அவரைப் போற்றுகின்றனர். அந்தப் பட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஐயத்துக்குரியது. தாம் இன்னும் மில்லியன் டொலருக்கு அதிபதியாகவில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அது எவ்வாறாயினும், பணத்தைக் கொண்டு அவரை அளப்பது அவரைக் குறைத்து அளப்பதேயாகும். வீடு வீடாகச் சென்று பொருள் விற்கும் தொழிலை ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். அவ்வாறு திரட்டிய பெண்களைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே எமது சிந்தனைக்குரிய விடயமாகும்.

சாரா பிறீட்லவ் என்ற இயற்பெயருடன் 1867 ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தின் டெல்ற்றா என்னும் ஊரில், பருத்தித் தோட்டம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அக்குடும்பத்தில் சுதந்திரப் பிரசையாகப் பிறந்த முதற் குழந்தை இவரே. ஏழு வயதில் தாய் தந்தையரை இழந்தார். பதினான்கு வயதில் மணமுடித்து, இருபது வயதில் கைக்குழந்தையுடன் விதவையானார். பின்னர் சகோதரர்கள் முடிதிருத்துநர்களாய்த் தொழில் செய்த சென்ற் லூயிஸ் நகருக்குச் சென்று, ஆண்டுக்கணக்காகப் பிறர் துணி வெளுத்து மகளை வளர்த்தார்.

அந்நாளில் கறுப்பினப் பெண்ணுக்கு வாய்த்த பிழைப்புகள் மூன்று: வயல், வெள்ளையர் வீட்டுச் சமையலறை, சலவைத்தொட்டி. அதற்கு அப்பால் ஒரு வழி உண்டென்று அவருக்குக் காட்டியவர் அனி மலோன் என்ற மற்றொரு கறுப்பினப் பெண்மணி. கூந்தற் பராமரிப்புப் பொருட்களைத் தயாரித்து, பெண் முகவர்கள் மூலம் விற்றுவந்த மலோனிடம் சாராவும் முகவராகச் சேர்ந்தார். 1905 இல் டென்வர் நகருக்குச் சென்றார். மறு ஆண்டு சார்ள்ஸ் ஜோசப் வோக்கர் என்பவரை மணந்து, அப்பெயரிலேயே தமது சொந்தத் தயாரிப்பை விற்கத் தொடங்கினார். மலோன் இதனைப் போலி என்று சாடினார். முன்னோடி என்ற புகழை வோக்கருக்கு மட்டும் சூட்டுவோர் மலோனை மறந்துவிடுவது நியாயமன்று.

கறுப்பினப் பெண்களை வெள்ளையரைப் போலத் தோற்றமளிக்கத் தூண்டுகிறார் என்ற குற்றச்சாட்டும் வோக்கர் மீது எழுந்தது. கூந்தலை நீட்டி நேராக்குவது தமது நோக்கமன்று, போதிய நீர்வசதியும் ஊட்டமும் இன்றி நோயுற்ற தலைக்கும் உதிர்ந்த கூந்தலுக்கும் பரிகாரம் தருவதே தமது பணி என்பது அவர் அளித்த விளக்கம். அவ்வாதம் இன்றுவரை முற்றாக ஓய்ந்தபாடில்லை.

ஆனால் அவருடைய தொழிலின் அடித்தளம் வேறிடத்தில் இருந்தது. முகவராக வந்த பெண் தலையைக் கழுவவும், பராமரிக்கவும், அலங்கரிக்கவும் முறையாகக் கற்றாள். 1908 இல் பிற்ஸ்பேர்க் நகரில் இதற்கெனக் கல்லூரியே திறக்கப்பட்டது. 1910 இல் இண்டியானாபொலிஸ் நகரில் தலைமையகம் அமைந்தது. பொருள் விற்காத நாளிலும் அப்பெண்ணிடம் கைத்தொழில் ஒன்று எஞ்சியிருந்தது. வேறெந்த வேலையிலும் ஒரு மாதத்தில் பெறக்கூடிய ஊதியத்தை ஒரு வாரத்திலேயே பெற முடிகின்றதென்று முகவர் ஒருவர் வோக்கருக்குக் கடிதம் எழுதியிருந்தார். எசமானியின் பின்கதவால் நுழைந்து பழகிய பெண், தன் இனத்துப் பெண்ணின் வீட்டு முன்கதவால் தொழில் வல்லுநராக நுழைந்தாள். இம்மாற்றத்தின் பெறுமதியைக் கூலிக் கணக்கினால் மட்டும் அறிய முடியாது.

இனி 1917 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை மாதம், வோக்கர் முன்பு துணி வெளுத்த சென்ற் லூயிஸ் நகருக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள கிழக்கு சென்ற் லூயிஸில் வெள்ளையினக் கும்பல்கள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குத் தீயிட்டன. உத்தியோகபூர்வக் கணக்கின்படியே கறுப்பினத்தவர் 39 பேர் மாண்டனர்; உண்மைத் தொகை அதனிலும் பன்மடங்கு என்பர். அம்மாத இறுதியில் நியூயோர்க் நகரில் ஏறத்தாழ 10,000 பேர் மௌன ஊர்வலம் சென்றனர். சில நாட்களின் பின்னர் வோக்கர் உட்பட்ட தூதுக்குழு ஒன்று மனுவுடன் வெள்ளை மாளிகைக்குச் சென்றது. சனாதிபதி வூட்றோ வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. செயலாளரைக் கண்டு திரும்ப நேர்ந்தது.

ஒரு மாதம் கழியுமுன்னரே வோக்கரின் முகவர்கள் இருநூறு பேருக்கு மேல் பிலடெல்பியா நகரின் தேவாலயம் ஒன்றில் தமது முதல் மாநாட்டைக் கூட்டினர். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசில்கள் வழங்கப்பட்டன. தத்தம் ஊரில் அறப்பணிக்கு அதிகம் உதவியவர்களுக்கும் பரிசில்கள் வழங்கப்பட்டன. வணிகத்துடன் அவர்கள் கலைந்து செல்லவில்லை. கிழக்கு சென்ற் லூயிஸ் படுகொலையைக் கண்டித்து, இத்தகைய கொடுமைகள் மீண்டும் நிகழாவண்ணம் சட்டமியற்ற ஆவன செய்யுமாறு சனாதிபதிக்குத் தந்தி அனுப்பினர்.

அவர்கள் யார்? சலவைக்காரிகளாகவும் சமையற்காரிகளாகவும் இருந்தோர். பெண்களின் வாக்குரிமை நாடு முழுவதற்கும் உறுதியானது 1920 இலேயே. தென் மாநிலங்களிற் கறுப்பினத்தவருக்கு அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் அவ்வுரிமை மறுக்கப்பட்டது. வாக்கற்ற பெண்கள் நாட்டின் தலைவருக்கு நேரடியாக எழுதினர். கும்பற் கொலையை ஒரு தனிக்குற்றமாக்கும் மத்திய சட்டம் 2022 இலேயே அந்நாட்டில் நிறைவேறியது. தந்திக்கும் சட்டத்துக்கும் இடையே 105 ஆண்டுகள். அதனால் அத்தந்தி வீணென்று கொள்ளலாமா? கோரிக்கையைப் பதிவு செய்யாத மக்களுக்கு நூறாண்டு கழித்தும் நீதி கிட்டுவதில்லை.

வோக்கர் துறவியல்லர். ஹட்சன் நதிக்கரையில் மாளிகை கட்டி வாழ்ந்தார். அம்மாளிகையின் கற்களில் முகவர்களின் உழைப்பும் கலந்திருந்தது. எனினும் 1919 மே மாதம், தமது ஐம்பத்தோராவது வயதில் கண்மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, கும்பற் கொலைக்கு எதிரான நிதிக்கு 5,000 டொலர் தருவதாக உறுதியளித்தார். நிறுவனத்தின் எதிர்கால நிகர இலாபத்தில் மூன்றில் இரு பங்கு அறப்பணிக்கென்று உயிலிலும் எழுதிவைத்தார்.

இவ்வரலாற்றை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளின் வரவேற்பறைகளிலும் இன்று நேரடி விற்பனைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. துப்புரவு வேலையிலும் கோப்பை கழுவுவதிலும் இடுப்பொடியும் பெண்களுக்கு, ‘உங்களுக்கு நீங்களே முதலாளி’ என்ற வார்த்தை தேனாய் இனிக்கின்றது. அவ்வாசையைப் பழிக்க எமக்கு உரிமையில்லை. மொழி தெரியாத நாட்டில், சான்றிதழ்கள் செல்லாக்காசாகிவிட்ட நிலையில், சொந்தத் தொழில் என்பது மானத்தோடு வாழும் வழிகளில் ஒன்று.

ஆயினும் சில வினாக்களைக் கேட்டே ஆகவேண்டும். இலாபம் பொருளை விற்பதனால் வருகின்றதா, புதிதாக ஆட்களைச் சேர்த்து அவர்கள் கட்டும் பணத்தினால் வருகின்றதா? நாளை அந்நிறுவனம் மூடப்பட்டால் அப்பெண்ணிடம் கைத்தொழில் ஒன்று எஞ்சுமா, கட்டிலின் கீழ் விற்காத பெட்டிகள் மட்டும் எஞ்சுமா? உறவையும் அயலையும் வாடிக்கையாளராக்கிய பின்னர், உறவும் அயலும் மிஞ்சுமா? பொருளை விற்க முன்னர் ஆளை விற்கும் வணிகத்துக்கு வோக்கரின் பெயர் பொருந்தாது.

இவற்றுக்கெல்லாம் மேலான வினாவொன்றும் உண்டு. இருநூறு பெண்கள் கூடிய மண்டபத்திற் பேசப்படுவது என்ன? அடுத்த மாத விற்பனை இலக்கு மட்டுந்தானா? தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட சகோதரியைப் பற்றியும், ஊரிலே காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயைப் பற்றியும் அம்மண்டபத்தில் ஒரு தீர்மானமேனும் நிறைவேறுகின்றதா? வருமானம் தேடிக் கூடுவதில் இழுக்கில்லை. கூடியபின் வருமானத்தை மட்டுமே பேசிக் கலைவதுதான் இழப்பு. வாக்குரிமை அற்றோரும் தந்தி அனுப்பலாம் என்பதை அந்தச் சலவைக்காரியும் அவருடைய முகவர்களும் செய்து காட்டிச் சென்றிருக்கின்றனர்.